எழுபத்தெட்டு நாள் பயற்றம்பால்

பிள்ளையை என் மடியில் இருத்திவிட்டுப் போன என் மச்சாள் சுகந்திக்கு,

நீ போய் நாலு மாதமாகிறது. இந்த நாலு மாதத்தில் உனக்கு மனதுக்குள் எத்தனையோ கடிதம் எழுதிவிட்டேன். எல்லாமே "வினு சுகமாக இருக்கிறாள்" என்றுதான் தொடங்கும். இன்று அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

வருகிற வியாழக்கிழமை அவளுக்குத் திரும்பவும் குருதி எடுக்கிறார்கள். அதற்கு முன் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உன்னிடம் மட்டும் சொன்னால் போதாது, ஊரும் கேட்கட்டும் என்றுதான் இதை வெளியில் எழுதுகிறேன். இன்னொருத்தி தன் குசினியில் இதே பிழையை இப்போது செய்துகொண்டிருக்கலாம்.

உன் மகளைப் பற்றி உனக்கு விளங்கப்படுத்த வேண்டியதில்லை. வாசிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். வினுசா பிறந்து இரண்டாம் மாதத்தில் பித்தக் குழாய்க்கு அறுவைச் சிகிச்சை செய்த பிள்ளை. ஏழு வயதாகியும் பித்தம் ஒழுங்காகக் குடலுக்கு இறங்குவதில்லை. பித்தம் இல்லாமல் எண்ணெய் உடையாது. எண்ணெய் உடையாவிட்டால் அதில் கரைந்திருக்கும் விற்றமின்கள் உடம்பில் ஒட்டாது. கண்ணுக்கானது, எலும்புக்கானது, இரத்தம் உறையத் தேவையானது எல்லாம் வந்த வழியே போய்விடும். தண்ணீரில் கலக்கிற விற்றமின் மருந்து வராமல் நின்றுபோனபோது விற்றமின் எண்ணெய்ச் சொட்டு மட்டும் மிஞ்சியது. அதைக் கொடுத்தால், குடித்தது அப்படியே வெளியே வரச் சத்தியெடுப்பாள்.

அப்போதுதான் நீ ஒரு கிலோ பயற்றோடு என் குசினிக்குள் வந்தாய். உணவைப் பரிசோதிக்கிற ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலை உனக்கு. வெள்ளை அங்கியைக் கழற்றாமலே வந்து நின்றாய்.

"மச்சாள், இவட வயித்துக்குள்ள நடக்காததை நாம உன்ட குசினிக்குள்ள நடத்துவம்" என்றாய்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். ஆனாலும் நீ சொன்ன விதத்தில் விளங்கியது. "பயறில இரிக்கிற புரதம் ஒரு பக்கத்தால எண்ணெயைப் பிடிக்கும், மத்தப் பக்கத்தால தண்ணியப் பிடிக்கும். ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுத்தித் தோல் போட்டிரும். அந்தத் தோலுக்குள்ள இருந்தா வெளிச்சத்துக்கும் காத்துக்கும் விற்றமின் கெதியில கெடாது. பிறகு அந்தத் துளியெல்லாம் முகம் பாக்காத மச்சாள்மார் மாதிரி ஒண்டையொண்டு தள்ளிக்கொண்டே நிக்கும். ஒண்டாச் சேரவே சேராது."

"நம்மளப் போலயா?" என்று நான் கேட்டேன்.

"நாம சேந்து கெட்டுப்போன ஆக்கள் கா" என்று சிரித்தாய்.

டொக்டரிடம் போய்க் கேட்டதும் நீதான். சொட்டின் எண்ணிக்கையை மாற்றாமல், நன்றாகக் கலந்து கொடுத்தால் சரி, மாதாமாதம் குருதி பார்ப்போம் என்றார். முழு மருந்துக்கு இது ஈடாகாது என்றும் சொன்னார். அந்தச் சொல்லையும் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் கொப்பியைப் பார்த்து "கணக்கப்பிள்ளை" என்று பட்டம் வைத்தவள் நீ. பயறு எவ்வளவு, எத்தனை மணிக்கு ஊறப் போட்டது, அரைத்துப் பிழிந்து மா அடங்க எவ்வளவு நேரம், தேசிக்காய்ப் புளி எத்தனை சொட்டு விட்டால் புரதம் திரிந்து கீழே இறங்கியது, அதைக் கழுவி அப்பச்சோடா ஒரு கிள்ளுப் போட்டுக் கரைத்தபோது எப்படிப் பாலானது, எந்தச் சூட்டில் பிளெண்டரில் எண்ணெய் விட்டு அடித்தது, எல்லாம் எழுதினேன். மறுநாள் போத்தலின் கழுத்தில் எண்ணெய் பிரிந்து மஞ்சள் வளையம் கட்டாவிட்டால் ஒரு பூ வரைவேன். கட்டினால் ஒரு வெறும் வட்டம். நீ இருந்த காலத்துப் பக்கங்களில் பூந்தோட்டம்தான்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். வைகாசிச் சடங்குக்கு ஊரெல்லாம் அம்மன் கோயிலில் நிற்க, நாங்கள் உன்னைக் கொண்டுபோய் மண்ணில் வைத்துவிட்டு வந்தோம்.

வீட்டில் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசல் மிதிக்கக் கூடாது, வீட்டில் விளக்கு வைக்கக் கூடாது. சடங்கு நாளில் அம்மனின் முகத்தைப் பார்க்காத வருடம் எனக்கு இது ஒன்றுதான். நம்முடைய வளவுக் கிணறு அம்மன் பொங்கலுக்குத் தண்ணீர் அள்ளுகிற கிணறு என்பது உனக்குத் தெரியும். சாவீட்டுக் கையால் அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. குழாய்த் தண்ணீரிலேயே எல்லாவற்றையும் சமாளித்தேன். வினுவின் பயற்றம்பாலையும், நீ இருந்தபோது செய்தது போலவே, அதில்தான் செய்தேன். அழுதழுது, நேரகாலம் தெரியாமல், பாதி நாள் குளிக்காமல்கூடச் செய்தேன்.

அந்த முப்பத்தொரு நாளும் கொப்பியில் பூ. ஒரு வட்டம்கூட இல்லை. ஆனால் இதை நான் கவனித்தது போன ஞாயிற்றுக்கிழமைதான்.

துடக்குக் கழிந்த அன்று வீடு கழுவி, தலை முழுகி, கோயிலுக்குப் போய் விழுந்தேன். "தாயே, இந்தப் பிள்ளைக்குக் கொடுக்கிற பாலை இனி உனக்குப் படையலாய் மடை வைக்கிற மாதிரி வைப்பேன். ஈரச் சேலையோடு நானே கிணற்றில் அள்ளுவேன். உனக்குப் படைக்காமல் ஒரு சொட்டும் கொடுக்க மாட்டேன். அவளின் கண்ணை மட்டும் எடுக்காதே" என்று நேர்ந்துகொண்டேன். குழாய்த் தண்ணீர் எத்தனை கை மாறி, எந்த மருந்து போட்டு வருகிறதோ, அதை அம்மனுக்கு வைக்கலாமா என்றுதான் நினைத்தேன். நான் வேறென்ன நினைப்பேன், மச்சாள்?

மறுநாளே போத்தலில் மஞ்சள் வளையம்.

கை தவறிவிட்டது என்று எண்ணினேன். அடுத்த நாளும் வளையம். மூன்றாம் நாள் பால் தயிர் போலத் திரிதிரியாக நின்றது. திரிந்ததைக் கொடுக்காதே, கொட்டிவிடு என்று நீ சொல்லியிருந்தாய். எனக்கு அது மறக்கவில்லை. ஆனால் அது மடை வைத்த பால். மடை வைத்ததைக் கொட்டுகிற வழக்கம் நம்மிடம் இல்லையே. அதனால் போத்தலைக் குலுக்கினேன். குலுக்கினால் கொஞ்ச நேரத்துக்குப் பால் போலத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவள் வாயில் ஊற்றினேன்.

"மாமி, இது எண்ணெய் மணக்குது" என்றாள்.

"அம்மன்ட பால் புள்ள, முகத்தச் சுளிக்கப்படாது" என்றேன்.

அவள் சுளிக்கவில்லை. சத்தம் போடாமல் பின்பக்கம் போய்ச் சத்தியெடுத்துவிட்டு, வாயைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எத்தனை நாள் அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியாது. என் கொப்பியில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

பால் திரியத் திரிய என் விரதம் கூடியது. வெள்ளியோடு செவ்வாயும் பிடித்தேன். நான் தூரமான நாட்களில் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு தண்ணீர் அள்ளுவித்தேன். அப்போதும் திரிந்தது. என்னிடம் என்ன அழுக்கு ஒட்டிக் கிடக்கிறது என்று தேடினேன். உன்னோடு ஒருநாள் சண்டை பிடித்து நாலு நாள் பேசாமல் இருந்தேனே, அதுவாக இருக்குமோ? உன் கடைசி நாளில் உனக்குக் கஞ்சி எடுத்துவரப் பிந்தினேனே, அதுவோ? எத்தனை பாவம் எனக்கு ஞாபகம் வந்தது தெரியுமா? ஆனால் தண்ணீர் ஞாபகம் வரவில்லை.

துடக்குக் கழிந்த வாரம் எடுத்த குருதியில் கண்ணுக்கான விற்றமின் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கடுத்த முறை இறங்கியது. போன மாதம் இன்னும் இறங்கியது. டொக்டர் கொப்பியைக் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.

"பாலை ஒழுங்காக் குடுக்கிறீங்களா அம்மா?"

"ஓம் டொக்டர், ஒருநாளும் விடல்ல."

பொய்யில்லை. ஒருநாளும் விடவில்லைதான். அவர் பெருமூச்சு விட்டார். "அப்ப ஈரல்தான் பின்னுக்குப் போகுது போல. வாறமுறையும் இறங்கினாக் கொழும்புக்கு அனுப்ப வேண்டி வரும்" என்றார்.

அந்த வாரத்தில் இருள் விழுகிற ஒரு மைம்மல் பொழுது. வினு முன்னறையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். "மாமி, லைட்டப் போடுங்க" என்றாள். லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது. சின்னக் குமிழ், ஆனால் எரிந்துகொண்டிருந்தது. ஆளியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன்.

"இப்ப வெளிச்சமா கிளி?"

கொஞ்சம் யோசித்தாள். "ஓம் மாமி, இப்ப நல்லம்" என்றாள். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னாள். கையால் தடவித் தடவிப் பெட்டிக்குள் பென்சில்களை அடுக்கினாள். உன் பிள்ளை இப்படி ஏன் நல்லவளாக இருக்கிறாள்? கத்தியிருக்கலாமே. "எனக்குக் கண் தெரியல்ல" என்று ஊரைக் கூட்டியிருக்கலாமே.

போன ஞாயிற்றுக்கிழமை பர்சானா வந்தாள். உன்னோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த ஓட்டமாவடிப் பிள்ளை. உன் அங்கியையும் தேநீர்க் கோப்பையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். வெயிலில் வந்த பிள்ளை, தண்ணீர் கேட்டாள். கிணற்றில் அள்ளிக் கொடுத்தேன். ஒரு மிடறு வாயில் வைத்தவள் அப்படியே என்னைப் பார்த்தாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், கடைசியில் விழுங்கினாள்.

"அல்லாவே! அக்கா, கருவாடு கழுவின தண்ணியையா எனக்குத் தந்தீங்க?"

"என்ன சொல்றாய் புள்ள? நல்ல கிணறு இது."

"உங்களுக்கு நல்லாத்தான் இரிக்கும். பொறந்ததில இருந்து குடிக்கிறீங்க. வாவி பக்கத்தில கிடக்கு, மழை பெஞ்சு எத்தன மாசம்? உப்பு ஊறி நிக்குதுக்கா."

உன் அண்ணன் அவளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் சிரித்துக்கொண்டே குடித்தாள். பிறகு அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, வினுட பாலை எந்தத் தண்ணியில செய்றீங்க?"

கொப்பியை எடுத்து நீட்டினேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பூ, பூ, பூ. பிறகு வட்டம், வட்டம், வட்டம். இரண்டுக்கும் நடுவில் என் கையெழுத்தில் ஒரு வரி: "இன்றிலிருந்து அம்மனுக்கு மடை. கிணற்றுத் தண்ணீர்."

"சுகந்தி அக்கா உங்களுக்கு அந்த மச்சாள் கதை செல்லல்லையா?" என்று கேட்டாள். அவளிடமும் நீ அதைச் சொல்லியிருக்கிறாய். "துளியெல்லாம் ஒண்டையொண்டு தள்ளி நிக்கிறது அதுட தோல்ல இரிக்கிற மின்சாரத்தாலக்கா. உப்பும் சுண்ணாம்பும் தண்ணிக்குள்ள வந்தா அந்தத் தள்ளல் அடங்கிப் போயிரும். மச்சாள்மாரெல்லாம் சமாதானமாகிக் கட்டிப் பிடிச்சிருவாங்க. பிறகு எண்ணெய் வேற, தண்ணி வேற."

நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்று எழுதுவதுதான் சரி. அவளையே செய்து காட்டச் சொன்னேன். முதல்நாள் இரவு ஊறப் போட்ட பயறு இருந்தது. ஒரே பயறு, ஒரே எண்ணெய், ஒரே பிளெண்டர். ஒரு போத்தலுக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்குக் கிணற்றுத் தண்ணீர். இரண்டையும் சாமியறை வாசலில் வைத்தோம். நான் சோறு ஆக்கப் போனேன். போகும்போது என்ன வேண்டினேன் தெரியுமா? "தாயே, கிணற்றுப் போத்தல் திரியாமல் நிற்க வேண்டும்." திரிந்தால் பிழை என்னுடையது. திரியாவிட்டால் வினுவின் ஈரல்தான் கெட்டுப்போகிறது என்று பொருள். அதையும் அறிந்துகொண்டுதான் அப்படி வேண்டினேன். மச்சாள், நான் என்ன மனுசி?

கறி இறக்குவதற்குள் கிணற்றுப் போத்தலின் கழுத்தில் வளையம் கட்டிவிட்டது. மற்றது வெள்ளையாக, அசையாமல் நின்றது.

பர்சானா என் தோளில் கை வைத்தாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு நாட்களை எண்ணினேன். எழுபத்தெட்டு. எழுபத்தெட்டு நாள் நான் கும்பிட்டுக் கும்பிட்டு உன் பிள்ளைக்கு வெறும் எண்ணெயைக் கொடுத்திருக்கிறேன். துடக்கோடு செய்த பால் அவளுக்குள் போனது. சுத்தபத்தமாகச் செய்தது பின்பக்கத்து மண்ணுக்குள் போனது.

உன் மேலும் எனக்குக் கோபம் வருகிறது, கேட்டுக்கொள். உன் கையால் எழுதித் தந்த தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். "பயறு கால் கிலோ, தேசிக்காய் ஒன்று, அப்பச்சோடா ஒரு கிள்ளு, தண்ணீர் இரண்டு கோப்பை." எந்தத் தண்ணீர் என்று நீ ஏன் எழுதவில்லை? ஆய்வுகூடத்தில் தண்ணீர் என்றால் ஒரே தண்ணீர்தான் போலும். இங்கே எத்தனை தண்ணீர் இருக்கிறது, நீ இந்த ஊரில் பிறந்தவள்தானே? ஒரு சொல் எழுதியிருக்கக் கூடாதா? பிறகு நினைக்கிறேன், உனக்கு என்ன தெரியும், உன் மச்சாள் மருந்தை மடையாக்குவாள் என்று.

அன்று சாமியறையில் போய் இருந்தேன். அழுகை வரவில்லை. உன் அண்ணன் வாசலில் வந்து நின்றார். அதிகம் பேசுகிற மனிதர் இல்லை, உனக்குத் தெரியும்.

"அம்மன் குழாய்த் தண்ணி குடிக்க மாட்டாவெண்டு உனக்கு ஆர் சொன்ன?" என்று கேட்டார்.

ஒருவரும் சொல்லவில்லை. நானே அவவுக்காக முடிவு செய்தேன். அவ கேட்டது அந்தத் தண்ணீரா? எனக்கு நம்பிக்கை போய்விடவில்லை, மச்சாள். ஆனால் இத்தனை நாளும் எதைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் விளங்கவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து கொதித்தாறிய குழாய்த் தண்ணீரில் செய்கிறேன். மூன்று பூ வந்திருக்கிறது. வினு நேற்றுக் குடித்துவிட்டு, "மாமி, இது பழைய பால்" என்றாள். கெட்டுப் போனது என்கிறாளோ என்று பதறிவிட்டேன். "அம்மா செய்ற பால்" என்றாள் பிறகு. என்னால் குசினியில் நிற்க முடியவில்லை.

ஆனால் மூன்று நாள் பால் எழுபத்தெட்டு நாளைத் திருப்பித் தருமா? மைம்மலில் அவள் இன்னும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள். இருட்டில் இடித்துக்கொண்டு முழங்காலில் நீலம் பாய்ந்த இடம் இன்னும் ஆறவில்லை. வியாழக்கிழமைக் குருதி இறங்கித்தான் இருக்கும், அது எனக்கே தெரியும்.

இனித்தான் எனக்குப் பயம். டொக்டரிடம் இதைச் சொன்னால் "இந்தக் குசினி வைத்தியத்தை விடுங்க" என்று பாலையே நிறுத்தக்கூடும். கட்டாரிலிருக்கும் உன் அவரின் காதுக்கும் போகும். கிரானிலிருக்கும் அவரின் அக்கா முதலே கேட்டவ, "தாயில்லாப் புள்ளைய மாமிக்காரி வச்சுப் பாப்பாளா, எங்களிட்டத் தாங்க" என்று. இப்போது அவவுக்கு வாய்த்துவிடும். நான் என்ன சொல்லி மறுப்பேன்? சொல்லாமல் விட்டால் ஒருவருக்கும் தெரியாது. இப்போது பால் சரியாகிவிட்டது, அடுத்த மாதம் குருதி ஏறும், எல்லாரும் மறந்துவிடுவார்கள். நாலு நாளாக இந்த இரண்டாவது வழிதான் என் காதுக்குள் பேசிக்கொண்டிருக்கிறது.

ஆனால் சொல்லாவிட்டால் டொக்டர் என்ன நினைப்பார்? பால் நன்றாகத்தான் போகிறது, ஈரல்தான் தோற்றுவிட்டது என்று நினைப்பார். அதை நம்பிக்கொண்டு அவளைக் கொழும்புக்கு அனுப்புவார். என் பிழைக்கு அவளின் வயிற்றைத் திரும்பவும் கீறுவார்களோ? முதலில் கீறியபோது நீ அந்த ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்திருந்தாய். உன் நகம் பதிந்த அடையாளம் நாலு நாள் கிடந்தது. அதையும் அப்போதிருந்த கொப்பியில் எழுதியிருந்தேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

ஆகவே கேள் மச்சாள். வியாழக்கிழமை நான் கொப்பியோடு போவேன். பூக்களையும் வட்டங்களையும் அவர் முன்னால் விரித்து வைப்பேன். "ஒழுங்காகக் குடுத்தன், ஆனாத் திரிஞ்சதக் குடுத்தன்" என்று என் வாயால் சொல்வேன். அவர் ஏசினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். பிள்ளையைக் கிரானுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று முடிவானால், அவளோடு பிளெண்டரும் போகும், பயறும் போகும், இந்தக் கொப்பியும் போகும். அங்கே எந்தத் தண்ணீர் என்று நானே போய் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டேன், என் நாக்கை இனி நம்ப மாட்டேன். இரண்டு போத்தல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவேன்.

உன் தாளிலும் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன், கோபிக்காதே. "தண்ணீர் இரண்டு கோப்பை" என்பதற்கு மேலே என் எழுத்தில்: "கொதித்தாறிய குழாய்த் தண்ணீர். திரிந்தால் கொட்டு. அம்மன் கோபிக்க மாட்டா."

அந்தக் கடைசி வரியை அவவிடம் கேட்டுத்தான் எழுதினேன். அவ பதில் சொல்லவில்லை. நீயாவது அங்கே அவவின் காலடியில் இருந்தால் என் பெயரைச் சொல்லிக் கேட்டுப்பார்.

உன் மகளின் பால்கொப்பியை இனியும் எழுதுகிற,
உன் அண்ணன் பெண்சாதி, வினுவின் மாமி,
கமலா மச்சாள்